டீச்சருக்கு: கப்பலில் நல்ல எக்ஸ் பெனடிக்ட் கேட்டு வாங்குவது எப்படி

டீச்சர், வணக்கம்.

நேற்றிரவு நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். போன வருஷம் கப்பலில் ஆசைப்பட்டுக் கேட்ட எக்ஸ் பெனடிக்ட் என்ற முட்டைப் பலகாரம் ஆறிப்போய் வந்தது, மேலே ஊற்றிய சாஸில் பாலாடை மாதிரி மஞ்சள் ஆடை படிந்திருந்தது, மஞ்சள் கரு கல்லாக இருந்தது, அடியில் இருந்த ரொட்டி ஊறிப்போய்க் கத்திக்கு அறுபடவில்லை என்று சொன்னீர்கள். வரும் டிசம்பரில் 40-ஆவது திருமண நாளுக்குச் சாரோடு சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுப் பயணம் போகப் போவதால், இந்த முறையாவது அது ஒழுங்காக வர என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில் கொஞ்சம் தயங்கி, "திருப்பி அனுப்பினா தப்பா நெனைப்பாங்களா தம்பி?" என்றும் கேட்டீர்கள்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நினைக்க மாட்டார்கள். நான் 14 வருஷம் கப்பல் சமையலறையில் இருந்தேன். அதில் ஆறு வருஷம் காலைப் பசியாறல் பிரிவில் முட்டை அடுப்பிலேயே நின்றேன். ஒரு வார்த்தை சொல்லாமல் பாதித் தட்டை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறவர்களை நினைத்துத்தான் நாங்கள் வருத்தப்படுவோம். காலியாகாத தட்டு கழுவுமிடத்துக்கு வரும்போது அதில் என்ன குறை என்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும்.

நாம் வளர்ந்த விதம் அப்படி, டீச்சர். தோட்டத்தில் அம்மா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களைக் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்புவார். கோப்பி-ஓவும் (பாலில்லாத கோப்பி) நாலு பிஸ்கட்டும் மூடி வைத்திருப்பார். இருப்பதைச் சாப்பிட்டுப் பள்ளிக்கு ஓட வேண்டும். இது எனக்கு இப்படி வேண்டும் என்று யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. அதே கூச்சம்தான் கப்பலில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் உட்காரும்போதும் வருகிறது. ஆனால் இந்தப் பலகாரம் கேட்டு வாங்கினால்தான் நன்றாக வரும்.

இதன் பிறப்பு பற்றிச் சொல்லப்படும் கதையே அப்படித்தான். 1894-இல் நியூயார்க்கில் லெமுவல் பெனடிக்ட் என்ற பங்குத் தரகர், முந்தின இரவு குடித்த தலைவலியோடு வால்டார்ஃப் ஹோட்டலுக்கு வந்தாராம். வெண்ணெய் தடவிய டோஸ்ட், மொறுமொறுப்பான பேக்கன் (பன்றி இறைச்சிச் சீவல்), தண்ணீரில் வேகவைத்த முட்டை, கூடவே ஒரு சின்னக் குடுவையில் ஹாலண்டேய்ஸ் என்ற வெண்ணெய் சாஸ் என்று தானே ஒவ்வொன்றாகச் சொல்லி வரவழைத்தாராம். ஹோட்டலில் உணவுக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட ஆஸ்கார் அதைப் பார்த்து, டோஸ்டுக்குப் பதில் மஃபினும் பேக்கனுக்குப் பதில் ஹாமும் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) வைத்துப் பட்டியலில் சேர்த்தாராம். டெல்மோனிக்கோ என்ற வேறொரு உணவகமும் இதற்கு உரிமை கொண்டாடுகிறது. அதன் சமையல் தலைவர் ரன்ஹோஃபர் அதே 1894-இல் அச்சிட்ட சமையல் நூலில் இதன் செய்முறை இருக்கிறது. எது உண்மையோ, எனக்குப் பிடித்தது முதல் கதைதான். சாப்பிட வந்தவர் தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கிறார்.

சார் இதைச் சாப்பிட்டதில்லை என்றீர்கள். அதனால் அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இங்கே மஃபின் என்றால் பேக்கரியில் விற்கும் கிண்ணக் கேக்தான் நம் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த மாவைத் தட்டையாகத் தோசைக்கல்லில் சுட்ட வட்ட ரொட்டி. இரண்டாகப் பிளந்தால் உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி கண்கண்ணாக இருக்கும். அந்தப் பக்கத்தை நன்றாக வாட்டி, மேலே ஒரு துண்டு ஹாம், அதன்மேல் ஓடில்லாமல் தண்ணீரில் வேகவைத்த முட்டை, அதன்மேல் வெண்ணெயும் மஞ்சள் கருவும் எலுமிச்சையும் சேர்ந்த சாஸ். ஒரு தட்டில் இப்படி இரண்டு வைப்பார்கள்.

சார் தினமும் டவுன் கோப்பிக்கடையில் என்ன சாப்பிடுகிறார்? அரைவேக்காட்டு முட்டை இரண்டு, ரொட்டி பாக்கார் என்ற வாட்டிய ரொட்டி, வெண்ணெய், தேங்காய்ப்பாலில் செய்த காயா ஜாம். அப்படியென்றால் எக்ஸ் பெனடிக்ட்டில் நல்லது கெட்டதை அவர் உங்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார். கடைக்காரர் முட்டை மேல் வெந்நீர் ஊற்றி மூடி வைத்ததைச் சார் மறந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? உடைத்து ஊற்றும்போது மஞ்சள் கரு பிசுபிசுவென்று தட்டோடு ஒட்டும். சீக்கிரம் உடைத்தால் வெள்ளை சளி மாதிரி வழியும். இரண்டு நிமிஷ வித்தியாசம், அவ்வளவுதான். கப்பலிலும் அதே நிமிஷக் கணக்குதான். ஒரே வித்தியாசம், கோப்பிக்கடையில் முட்டை உங்கள் கண்ணெதிரே இருக்கிறது. கப்பலில் அது எங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

அதனால் நான் சொல்லப்போகும் எல்லாமே ஒரே ஒரு காரியத்துக்காகத்தான்: முட்டை தண்ணீரை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து உங்கள் முள்கரண்டி அதைத் தொடும் நொடி வரை உள்ள நேரத்தைக் குறைப்பது.

சமையலறையில் நடப்பதைச் சொல்கிறேன். 3,000 பேர் ஏறும் கப்பலில் ஒவ்வொரு முட்டையையும் கேட்ட பிறகு வேகவைக்க முடியாது. விடியற்காலையிலேயே நூற்றுக்கணக்கில் வேகவைத்து, வெள்ளை மட்டும் இறுகியதும் எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டுவிடுவோம். ஆர்டர் வந்ததும் வெந்நீரில் ஒரு நிமிஷம் போல விட்டுச் சூடாக்கி எடுப்போம். இது தப்பு வேலை இல்லை. பெரிய ஹோட்டல்களும் இப்படித்தான் செய்கின்றன. முட்டை வெள்ளை 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கும். மஞ்சள் கரு 65-ஐத் தாண்டினால் கெட்டிப்பட ஆரம்பித்து, 70-இல் ஓடாமல் நின்றுவிடும். ஆகவே சூடாக்கும் தண்ணீர் அதிகம் கொதிக்காமல், முட்டை அதில் மறந்துபோய்க் கிடக்காமல் இருந்தால் மஞ்சள் கரு ஓடிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் முட்டை கல்லானதற்கு இந்த இடத்தில் யாரோ மறந்தது காரணமாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. அதற்கு வருகிறேன்.

சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொள்ள உங்கள் வீட்டு மோர்க்குழம்பு போதும். அடுப்பைத் தூக்கி வைத்துக் கொதிக்கவிட்டால் மோர்க்குழம்பு திரிந்துபோய்த் தண்ணீர் வேறு, தயிர் வேறாகப் பிரிந்துவிடும் இல்லையா? ஹாலண்டேய்ஸும் அதே சுபாவம். மஞ்சள் கருவை மெல்லிய சூட்டில் நுரைக்க அடித்து, உருக்கிய வெண்ணெயை நூல் மாதிரி விட்டுக்கொண்டே கலக்க வேண்டும். 70 டிகிரியைத் தாண்டினால் கரு வெந்து திரித்திரியாகிவிடும். ரொம்ப ஆறினால் வெண்ணெய் இறுகி மேலே ஆடை படியும். அந்த நடுச் சூட்டில் அதைப் பிடித்து வைப்பதுதான் முட்டை அடுப்புக்காரனின் காலை முழுவதுக்கும் உள்ள வேலை. நான் காலை ஆறரை மணிக்கு முதல் பானையை முடித்தால், கரண்டியின் பின்புறத்தில் சாஸை எடுத்து விரலால் ஒரு கோடு இழுப்பேன். கோடு மூடாமல் நின்றால், மேலே வெளிச்சம் பட்டுப் பளபளவென்று இருந்தால், அன்றைக்கு முழுக்க மனசு நிம்மதியாக இருக்கும்.

இங்கே ஒரு விஷயம் பயணிகளுக்குத் தெரிவதில்லை. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிச் சோதிப்பார்கள். 100-க்கு 86 எடுத்தால்தான் தேர்ச்சி. சூடான உணவு 57 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. அப்படி வைக்க முடியாத உணவை, நேரம் எழுதி ஒட்டி, 4 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். நான் வேலை செய்த கப்பல்களில் ஹாலண்டேய்ஸ் பாத்திரத்தில் இப்படித்தான் நேரச் சீட்டு ஒட்டியிருக்கும். கிருமிக்குப் பயந்து, ஓட்டோடு பதப்படுத்திய முட்டையோ பதப்படுத்திய மஞ்சள் கருவோதான் பயன்படுத்துவோம். அதில் சாப்பிடுகிறவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்றரை மணி நேரம் நின்ற சாஸும் சட்டப்படி சரியான சாஸ்தான். வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. நாக்குக்கு மட்டும் தெரிந்துவிடும்.

ஆகவே முதல் யோசனை, கதவு திறந்ததும் போய்விடுங்கள். எங்கும் நிற்காமல் கடலிலேயே ஓடும் நாளில் எல்லோரும் நிதானமாக எழுந்து ஒன்பது மணிக்கு ஒன்றாக வந்து குவிவார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு அறை எட்டு மணிக்குத் திறக்கிறதென்றால் எட்டுக்கு ஐந்து நிமிஷம் முன்பே வாசலில் இருங்கள். முதல் இருபது நிமிஷத்தில் சாஸ் புதிது, சமையல்காரர் களைக்கவில்லை, பரிமாறுபவர் கையில் இரண்டே மேசை. துறைமுகத்தில் இறங்கும் நாள் வேண்டாம். அன்றைக்கு எல்லோரும் பஸ் பிடிக்கும் அவசரத்தில் ஏழு மணிக்கே விழுந்தடித்து வருவார்கள்.

இரண்டாவது, மேல்தளத்து பஃபேயில் இதை எடுக்காதீர்கள். போன வருஷம் உங்களுக்குக் கிடைத்ததும் அங்கேதான் என்று நினைக்கிறேன், நீங்கள் சொன்ன விளக்கு வெளிச்சத்தை வைத்துச் சொல்கிறேன். ஏற்கெனவே சாஸ் ஊற்றி அடுக்கிய தட்டு, மேலே சூட்டு விளக்கு, அடியில் வெந்நீர். மஞ்சள் கரு அங்கேயே வெந்துகொண்டிருக்கும். அதுதான் கல்லான காரணம். பஃபேயில் ஆம்லெட், கலக்கி போட்டுத் தரும் அடுப்பு இருக்கும். அங்கே நின்று கேட்டால் கண்ணெதிரே நல்ல முட்டை கிடைக்கும், அதை வாங்குங்கள். எக்ஸ் பெனடிக்ட்டுக்குக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பெரிய சாப்பாட்டு அறைதான். அதன் சமையலறை பக்கத்திலேயே, ஒரு கதவு தள்ளினால் வந்துவிடும். அறைக்கு வரவழைப்பதும் வேண்டாம். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே கதை முடிந்துவிடும்.

மூன்றாவது யோசனை, இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். பரிமாறுபவர் உங்கள் மேசைக்காக மட்டும் சமையலறைக்குப் போவதில்லை. மூன்று நான்கு மேசைகளின் ஆர்டரைச் சேர்த்து, மூடிபோட்ட தட்டுகளைப் பெரிய தாம்பாளத்தில் அடுக்கி, தோளில் வைத்து ஒரே நடையில் கொண்டு வருவார். உங்கள் முட்டை தயார். பக்கத்து மேசைக்காரரின் பான்கேக் தயாராகவில்லை. உங்கள் தட்டு மூடிக்குள் காத்திருக்கிறது. உள்ளே ஆவி எழும்பி, மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, ஒவ்வொரு சொட்டாக மஃபின் மேல் விழுகிறது. நான் எத்தனையோ தடவை அந்த மூடியைத் தூக்கிப் பார்த்து, மஃபினை எடுத்துப் போட்டுவிட்டு வேறு வாட்டி வைத்திருக்கிறேன். நேரம் இருந்த நாளில் செய்தேன். நேரமில்லாத நாளில் அப்படியே போயிருக்கும்.

இதற்கு வழி, இரண்டு தவணையாகக் கேட்பது. முதலில் பழமும் கோப்பியும் மட்டும் சொல்லுங்கள். பழத்தட்டு பாதி காலியானதும், "முட்டையை இப்போது கொண்டு வரலாம், அவசரமில்லை, ஆனால் தயாரானதும் உடனே வேண்டும்" என்று சொல்லுங்கள். அப்போது உங்கள் தட்டு தனி நடையாக வர வாய்ப்பு அதிகம். சாரும் நீங்களும் ஒரே பலகாரத்தைக் கேளுங்கள். ஒருவருக்கு எக்ஸ் பெனடிக்ட், இன்னொருவருக்கு ஆம்லெட் என்றால் ஒன்றுக்காக ஒன்று நிற்கும். பத்துப் பேர் மேசையில் சேர்ந்து உட்காரச் சொன்னால், இருவர் மேசைக்காகக் கொஞ்சம் காத்திருப்பதாகப் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

என்ன வார்த்தையில் கேட்பது? "நல்லா செஞ்சு தாங்க" என்பதால் பயனில்லை. அந்தச் சொல் சமையலறைக்குள் வந்து சேராது. சேர்வது மூன்றே விஷயம்: மஞ்சள் கரு ஓட வேண்டும், மஃபின் நன்றாக வாட்டி மொறுமொறுவென்று வேண்டும், தட்டும் சாஸும் சூடாக வேண்டும். "சாஃப்ட் போச்ட், மஃபின் வெல் டோஸ்டட், ஹாட் பிளேட் ப்ளீஸ்." பரிமாறுபவர் இதைச் சீட்டில் எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதினால் என் மாதிரி ஒருவன் கண்ணில் படும். கப்பல்களில் இந்தோனேசியர்கள் நிறையப் பேர் பரிமாறும் வேலையில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவராக இருந்தால், பாசாரில் நாம் பேசும் மலாய் போதும்: "கூனிங் தெலூர் ஜாங்ஙான் கெராஸ், யா." மஞ்சள் கரு கெட்டியாகிவிட வேண்டாம் என்ற அந்த ஒரு வரியில் அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். வீட்டை விட்டு மாதக்கணக்கில் கடலில் இருப்பவருக்கு, புரிகிற பேச்சு காதில் விழுவது சின்ன விஷயமில்லை. பெயர் அட்டையைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மறுநாளும் அவர் கவனிக்கும் பக்கத்திலேயே உட்காரக் கேளுங்கள். இரண்டாம் நாள் நீங்கள் வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

இறைச்சி விஷயத்தை முந்தின இரவே கேட்டுவிடுங்கள். பட்டியலில் வெறுமனே ஹாம் என்றோ கனடியன் பேக்கன் என்றோ இருந்தால் அது பன்றி. சில கப்பல்களில் ஸ்டேக் வைத்த வகையும் உண்டு, அது மாடு. சார் மாடு தொடமாட்டார் என்பதால் சொல்கிறேன். வான்கோழி ஹாமோ சிக்கன் ஹாமோ கேட்டால் பல கப்பல்களில் தருவார்கள். புகையிட்ட சால்மன் மீன் வைத்ததை ராயல் என்பார்கள், பசலைக்கீரை மாதிரி இருக்கும் ஸ்பினாச் வைத்ததை ஃபுளோரன்டைன் என்பார்கள். முதல் தடவைக்கு நான் சால்மனைத்தான் சொல்வேன். கீரையைச் சரியாகப் பிழியாவிட்டால் அந்தத் தண்ணீரும் மஃபினில் இறங்கிவிடும். உங்களோடு வரும் முஸ்லிம் நண்பர்களுக்கு ஹாமை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அதே கல்லில்தான் பன்றியும் வாட்டியிருப்பார்கள். ஹலால் சமையலறை தனியாக இருக்கிறதா என்று அவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. அப்புறம் நீங்கள் வெள்ளிக்கிழமை சைவம். கடல் நாள் வெள்ளியில் விழுந்தால் இந்த ஏற்பாடெல்லாம் வீணாகிவிடும், பயண அட்டவணையை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

தட்டு வந்ததும் படம் எடுக்கிற வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முள்கரண்டியின் பின்புறத்தால் முட்டையை லேசாகத் தொட்டுப் பாருங்கள், ததும்ப வேண்டும். நடுவில் கீறினால் மஞ்சள் கரு மெதுவாக வழிந்து சாஸோடு கலந்து மஃபினின் கண்களுக்குள் இறங்க வேண்டும். சாஸில் எலுமிச்சைப் புளிப்பு லேசாகத் தட்ட வேண்டும். புளிப்பே இல்லாமல் மாவுக் கஞ்சி மாதிரி நாக்கில் படர்ந்தால் அது பொட்டலத்து மாவில் கரைத்தது. அதைத் திருப்பி அனுப்பிப் பயனில்லை, அந்தக் கப்பலில் அதுதான் இருக்கும். மறுநாள் வேறு பலகாரம் சொல்லுங்கள்.

கரு இறுகியிருந்தாலோ ஆறியிருந்தாலோ, முதல் வாயிலேயே கூப்பிட்டுச் சொல்லுங்கள். பாதி சாப்பிட்ட பிறகு சொன்னால் அவருக்கும் சங்கடம். "மஞ்சள் கரு ஓடவில்லை, இன்னொன்று புதிதாகக் கிடைக்குமா?" இந்த ஒரு வாக்கியம் போதும். ஒருமுறை தனியாகப் பயணம் செய்த ஒரு மூதாட்டி இப்படித்தான் சொல்லியனுப்பினார். அன்றைக்குத் தப்பு என்னுடையது, சூட்டுத் தண்ணீரில் முட்டையை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிவிட்டேன். புதிதாகச் செய்து, மூடி போடாமல், நானே கையில் எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். அவர் கீறிப் பார்த்து, மஞ்சள் ஓடியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் முட்டை வேகவைத்தேனோ, நினைவில் நிற்பது அந்த ஒன்றுதான்.

இதற்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கப்பல்களில் சேவைக் கட்டணம் தினக் கணக்கில் ஏற்கெனவே பிடித்திருப்பார்கள். கடைசி நாள் கருத்துப் படிவம் வரும்போது, நன்றாகக் கவனித்தவரின் பெயரை எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தத்தின்போது அவருக்கு அது உதவும்.

சாருக்கு இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) கொழுப்பும் இருப்பதாகச் சொன்னீர்கள். சாஸ் முக்கால்வாசி வெண்ணெய். ஒரு மஞ்சள் கருவுக்கு 80 கிராம் வெண்ணெய் வரைகூடப் போகும். அதனால் அவருக்கு ஒற்றை முட்டை, அதாவது அரைத் தட்டாகக் கேளுங்கள், தருவார்கள். சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு அவரே இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்ளட்டும். கூட வரும் வறுத்த உருளைக்கிழங்குக்குப் பதில் தக்காளி. மருந்து சாப்பிடுகிற வயதில் ஓடுகிற மஞ்சள் கரு என்பதால், பதப்படுத்திய முட்டைதானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் நன்றாக வெந்ததாகவே அவருக்குச் சொல்லுங்கள், அதில் பிடிவாதம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சார் கப்பலில் முதல்முதலாகச் சாப்பிட்டால் எது சரி, எது சரியில்லை என்று ஒப்பிட அவருக்கு ஒன்றும் இருக்காது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் நான் இப்போது நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு வாருங்கள். ஒன்பது மணிக்கு மேல் வந்தால் ரொட்டி சானாய் கூட்டம் குறைந்திருக்கும், நான் நிதானமாகச் செய்வேன். நம் ஊர் சுங்கை சிப்புட்டில் இந்த மஃபின் கிடைக்காது, நானே முந்தின இரவு மாவு பிசைந்து வைக்க வேண்டும், சிக்கன் ஹாமும் ஈப்போவிலிருந்து வாங்கி வர வேண்டும். அதனால் வியாழக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.